ஏழாம் எழுத்து

நம் வீட்டுப் புத்தக அலமாரியில், அட்டையும் முதற்பக்கங்களும் இழந்த பழைய நாவல் ஒன்று இருக்கிறது. எழுதியவர் இன்னாரென நாம் அறியோம். அச்சிட்ட ஊரும் ஆண்டும் கிழிந்த பக்கங்களோடு போய்விட்டன. கப்பலேறிச் சென்ற வணிகர் மகன் ஒருவன், பல இன்னல்களைக் கடந்து தாயிடம் திரும்பி வரும் கதை அது. இலக்கியச் சுவை நாடுவோர் அதில் பெரிதாக எதையும் காணமாட்டார். ஆயினும், நம் குடும்பத்தில் ஒரு பெண்ணின் வாழ்வையே அந்நூல் திசைமாற்றிவிட்டது. அதன் 113ஆம் பக்கத்தில் சில எழுத்துகளின் கீழே பென்சிற் புள்ளிகள் இன்றும் மங்கலாகத் தெரிகின்றன. அப்புள்ளிகளின் வரலாற்றைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் யானைமலையைக் கடந்ததும் வயல்வெளி விரிகிறது. 1895இல் முல்லைப்பெரியாற்றில் அணை எழுந்தபின் அதன் நீர் பாய்ந்து செழித்த பூமி அது. அவ்வெளியில் உள்ள சிற்றூரொன்று நம் தாயாரின் பிறந்தகம். தாயாரின் ஒரே அண்ணனாகிய நம் மாமா, 1940இல் ரங்கூனுக்குக் கப்பலேறினார். அங்கே ஒரு துணிக்கடையில் கணக்கெழுதும் வேலை கிடைத்திருந்தது. அவருக்கு நிக்காஹ் முடிந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. மாமிக்கு வயது பதினெட்டு. மாமா விட்டுச் சென்ற பொருள்களுள் அந்த நாவலும் ஒன்று.

1941 டிசம்பர் 23ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. பர்மாவில் வாழ்ந்த இந்தியர் பல இலட்சம் பேர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர், அஸ்ஸாம் மலைகள் வழியாகவும் கால்நடையாகத் தாயகம் நோக்கிப் புறப்பட்டனர். பசியாலும் காலராவாலும் வழியிலேயே மடிந்தோர் பல்லாயிரவர். அந்த ஏப்ரலில் கொழும்பிலும் திரிகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. சென்னைவாசிகள் நகரைக் காலிசெய்து உள்நாட்டு ஊர்களுக்கு ஓடினர். மாமாவிடமிருந்து வந்துகொண்டிருந்த கடிதங்கள் நின்றுபோயின. நம் நன்னி, பர்மாவிலிருந்து எவரேனும் ஊர் திரும்பியதாகக் கேள்விப்பட்டால் அவ்வூருக்கே வண்டி கட்டிக்கொண்டு போய் விசாரிப்பார்களாம். மதுரைப் புகைவண்டி நிலையத்தில் கிழிந்த ஆடையோடு இறங்கிய முன்பின் அறியாதவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு மகன் பெயரைச் சொல்லிக் கேட்பார்களாம். அறிந்தேன் என்று சொன்னவர் ஒருவருமில்லை.

இந்நிலையில்தான் பால் கிதாபு பார்ப்பவர் ஒருவர் நம் நன்னியின் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தார். அவர் கெட்டவர் என்று நாம் சொல்லமாட்டோம். பணமும் அதிகம் வாங்கியவரல்லர். "போனவர் கைபட்ட புத்தகம் ஏதும் உண்டா?" என்று கேட்டிருக்கிறார். இந்த நாவலை எடுத்துக் கொடுத்தார்கள். அரபி எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டென்பது வாசகர் அறிந்ததே. அலிஃபுக்கு ஒன்று, பேக்கு இரண்டு என்று ஆயிரம்வரை போகும் அப்ஜத் கணக்கு அது. அக்கணக்கால் மாமாவின் பெயருக்குரிய எண்ணைக் கண்டு, அதைப் பன்னிரண்டால் வகுத்தார். மீதி ஏழு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு நூலைத் திறந்தார். 113ஆம் பக்கம் விரிந்தது. முதல் எழுத்திலிருந்து ஏழாம் எழுத்து, அதிலிருந்து ஏழாம் எழுத்து என்று பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனார். புள்ளி பெற்ற எழுத்துகளுள் அடுத்தடுத்து 'ள', 'உ', 'ன்' என மூன்று வந்தன. வரிசையைச் சற்று மாற்றி, "உளன்" என்று படித்தார். "ஆள் உயிரோடு இருக்கிறார், மூன்று ஆண்டில் வந்துவிடுவார்" என்றார். அன்றிரவுதான் நன்னி பல நாள்களுக்குப்பின் வயிறாரச் சோறு உண்டதாக நம் தாயார் சொல்வதுண்டு.

1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. மாமா வரவில்லை. கணக்குப் பார்த்தவர் அழைக்கப்பட்டார். அவர் திகைக்கவில்லை. மாமாவின் முழுப்பெயரில் 'முஹம்மது' என்பதைச் சேர்க்காமல் விட்டதே பிழை என்றார். அப்பெயருக்கு எண் 92. அதைக் கூட்டி வகுக்க, மீதி மூன்றாயிற்று. மூன்றாம் எழுத்து மூன்றாம் எழுத்தாக எண்ணி, வேறொரு பக்கத்திலிருந்து "கடல்" என்ற சொல்லை எடுத்துக் காட்டினார். கடல்கடந்து எங்கோ இருக்கிறார், இன்னும் ஆறு ஆண்டாகும் என்றார். அதுவும் கழிந்தபின் மூன்றாம் முறை வந்து, தாயின் பெயரையும் கூட்டவேண்டும் என்றார். அம்முறை நாமும் திண்ணையில் இருந்தோம். நமக்கு வயது ஆறு. அவர் விரல் எழுத்தெழுத்தாகத் தாவியதையும், நன்னியின் உதடுகள் அவ்விரலோடு சேர்ந்து எண்ணியதையும், வாசற்படியில் நின்ற மாமி நூலையே பாராமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் நாம் மறக்கவில்லை.

மாமிக்கு வேறு வழி இல்லாமலில்லை. கணவன் காணாமற்போன பெண் எவ்வளவு காலம் காத்திருக்கவேண்டும் என்பதில் ஹனஃபி சட்டம் கடுமையானது. மாலிக்கி மத்ஹபு நான்கு ஆண்டு என்று வரையறுத்தது. பெண்களின் இடரை உணர்ந்த மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி போன்ற ஹனஃபி அறிஞர்களே, இவ்விஷயத்தில் மாலிக்கி தீர்ப்பைப் பின்பற்றலாம் என வழிகாட்டினர். அதன் பயனாக எழுந்த 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், கணவன் இருப்பிடம் நான்கு ஆண்டுகளாகத் தெரியாவிடில் மனைவி நீதிமன்றத்தில் விடுதலை பெறலாம் என்றது. 1946இல் மாமியின் அத்தா மதுரையில் ஓர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்து வந்து, மகளுக்கு மறுமணம் செய்விக்க விரும்பினார். நன்னி நூலைத் தூக்கிக் காட்டினார்கள். "என் பிள்ளை உசுரோட இருக்கான்னு எழுத்துல வந்திருக்கு. இருக்கிறவன் பொண்டாட்டிய இன்னொருத்தனுக்குக் கட்டிவைப்பீகளா?" என்ற கேள்விக்கு முன்னால் சட்டமும் ஆலிமின் சொல்லும் நிற்கவில்லை. மறைவானவற்றின் அறிவு இறைவனுக்கே உரியதென்பது மதரசாவில் ஓதும் சிறுவரும் அறிந்த பாடம். தாயின் தவிப்போ அப்பாடத்தைக் கேட்கும் நிலையில் இல்லை. மாமியின் அத்தாவும் அடுத்த சில ஆண்டுகளில் வஃபாத்தானார். மாமி நன்னியின் வீட்டிலேயே இருந்துவிட்டார், கைத்தையலால் வாழ்ந்தார். நமக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுத்தந்ததும் அவரே. அதற்குப் பயன்பட்டதும் அந்த நாவலே.

ஆண்டுகள் சென்றன. டால்ஸ்டாய் 1869இல் எழுதி முடித்த பெருநாவலை, டி.எஸ். சொக்கலிங்கத்தின் 'போரும் வாழ்வும்' என்னும் தமிழாக்கத்தால் முதலில் அறிந்தோம். பின்னர் ஆங்கிலத்திலும் படித்தோம். அதில் ஓரிடத்தில் நம் கை நூலை மூடிவிட்டது.

1812இல் நெப்போலியன் ருஷியாமீது படையெடுக்கிறான். கதைமாந்தருள் ஒருவராகிய பியர், விவிலியத்தின் இறுதி நூலான திருவெளிப்பாட்டில் கொடிய விலங்கின் எண் 666 என்று வருவதை நண்பர் ஒருவர் வழியாக அறிந்து, கணக்கில் இறங்குகிறார். பிரெஞ்சு எழுத்துகளுக்கு முதலெழுத்து ஒன்று, அடுத்தது இரண்டு, பத்துக்குமேல் இருபது, முப்பது என்று மதிப்பிடுகிறார். அப்ஜத் கணக்கின் உடன்பிறப்பே அது. 'பேரரசர் நெப்போலியன்' என்ற பிரெஞ்சுத் தொடரைக் கூட்டினால் 661 வருகிறது. அம்மொழி இலக்கணப்படி மறைந்துபோன ஓர் எழுத்தை மீட்டுச் சேர்க்கிறார். ஐந்து கூடி 666 ஆகிறது. பிரெஞ்சில் 'நாற்பத்திரண்டு' என்னும் சொல்லைக் கூட்டினாலும் 666. நெப்போலியனுக்கு அவ்வாண்டு வயது நாற்பத்திரண்டு; ஆகவே அவன் முடிவு அவ்வாண்டே என்று முடிவாகிறது! பிறகு அவனை முடிக்கப் பிறந்தவர் யார் என்று பியர் தேடுகிறார். தம் பெயரைப் பலவாறு எழுதிப் பார்க்கிறார். 'ருஷியரான பெசுகோவ்' என்பதற்கு 671 வருகிறது. ஐந்து மிகுதி. இம்முறை இலக்கணத்துக்கு மாறாக அதே எழுத்தை நீக்கிவிடுகிறார்; 666 கிடைக்கிறது. அவர் மெய்சிலிர்க்கிறார். அந்த நம்பிக்கையும் துணைசெய்ய, நெப்போலியனைக் கொல்லும் எண்ணத்தோடு மாஸ்கோவில் தங்குகிறார். கொல்லவில்லை, சிறைப்படுகிறார். நெப்போலியனோ 1821வரை வாழ்ந்து படுக்கையில் மாண்டான்.

ஓர் இடத்தில் கூட்டிய எழுத்தை வேறோர் இடத்தில் குறைத்தார் பியர். நம் திண்ணைக்கு வந்தவர் 'முஹம்மது' என்பதை முதலில் விட்டார், பின்னர் சேர்த்தார். இருவரும் பொய்யரல்லர். விடை முன்பே மனத்தில் இருந்தது. அதற்கு ஏற்பக் கணக்கு வளைந்துகொடுத்தது. அவ்வளவே.

இதே நாவல், டால்ஸ்டாய் கனவிலும் நினையாத வேறொரு வழக்கிலும் சாட்சியாக நின்றது. 1994இல் விட்ஸ்டம், ரிப்ஸ், ரோசன்பர்க் என்னும் மூவர் 'ஸ்டாட்டிஸ்டிகல் சயன்ஸ்' என்ற புள்ளியியல் ஏட்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆதியாகமத்தின் எபிரேய மூலத்தில் 78,064 எழுத்துகள் உள்ளன. அவற்றை ஒரே சீரான இடைவெளிவிட்டுப் படித்தால், பிற்காலத்து யூத அறிஞர்களின் பெயர்களும் அவர்தம் பிறப்பு இறப்பு நாள்களும் அருகருகே அமைகின்றன என்றனர். ஒப்புநோக்குவதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட நூல்களுள் ஒன்று, 'போரும் வாழ்வும்' நாவலின் எபிரேய மொழிபெயர்ப்பு. அதில் அத்தகைய அமைப்பு இல்லை என்றனர். 1997இல் மைக்கேல் டிராஸ்னின் என்னும் பத்திரிகையாளர் இதைப் பெருநூலாக்கி, இரண்டாம் உலகப் போரும் ஹிரோஷிமாவும் வேதத்தின் எழுத்துகளில் முன்னரே மறைந்திருந்தன என்று எழுதினார். வரப்போகும் அணுப்போருக்கும் நாள் குறித்தார். நூல் பல நாடுகளில் விற்றது. ஆய்வாளருள் ஒருவரான ரிப்ஸே, எதிர்காலத்தைக் கூறும் இம்முயற்சியைத் தாம் ஏற்கவில்லை என்று விலகினார்.

ஆஸ்திரேலியக் கணித அறிஞர் பிரெண்டன் மக்கே வாதாடவில்லை. அதே கருவியை வேறு நூல்களில் பொருத்திக் காட்டினார். ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட 'மோபி டிக்' என்னும் திமிங்கில வேட்டை நாவலை எடுத்துக்கொண்டு, அதே முறையில் தேடினார். லிங்கன், கென்னடி, ட்ராட்ஸ்கி ஆகியோரின் கொலைகள் அதில் 'கிடைத்தன'. 1984இல் கொல்லப்பட்ட நம் இந்திரா காந்தியின் பெயரும் கிடைத்தது. 'போரும் வாழ்வும்' எபிரேயப் பெயர்ப்பையும் அவரும் அவர்தம் தோழர்களும் விடவில்லை. ஓர் அறிஞரைப் பல பெயர்களால் அழைப்பது யூத வழக்கு. அவற்றுள் எவற்றைப் பட்டியலில் சேர்ப்பது, எவற்றை விடுவது என்பதை வேறுவகையாகத் தேர்ந்தால், டால்ஸ்டாயின் நாவலும் ஆதியாகமத்துக்கு ஈடான விளைவைத் தருகிறது என்று நிறுவினர். அவர்களது விரிவான மறுப்பு 1999இல் அதே புள்ளியியல் ஏட்டில் வெளிவந்தது. டிராஸ்னின் அணுப்போருக்குக் குறித்த ஆண்டுகளுள் 2006 ஒன்று. அது அணுப்போர் இன்றியே கழிந்தது.

இச்செய்திகளைப் பத்திரிகையில் படித்த 1997ஆம் ஆண்டின் ஓர் ஓய்வு நாளில், நாமும் அந்தப் பழைய நாவலை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம். கட்டம் போட்ட தாளில் 113ஆம் பக்கத்தை எழுத்தெழுத்தாகப் பெயர்த்து எழுதினோம். ஏறத்தாழ ஆயிரம் எழுத்துகள் வந்தன. ஆயிரம் எழுத்துகளிலிருந்து ஒரே இடைவெளியில் மூன்று எழுத்துகளைத் தேர்ந்தால் எத்தனை மூன்றெழுத்துத் தொகுதிகள் கிடைக்கும்? கணக்கிட்டால் 2,49,500. பின்னிருந்து முன்னாகவும் படிக்கலாம் என்றால் 4,99,000. ஒரு பக்கத்திலேயே ஐந்து இலட்சம் வாய்ப்புகள்! பால் கிதாபுக்காரரைப்போல் வரிசையையும் மாற்றிக்கொள்ளலாம் என்றால் இன்னும் மும்மடங்கு. இவ்வளவு பெரிய களஞ்சியத்தில் வேண்டிய சொல் அகப்படாமற்போனால்தான் வியப்பு.

மூன்றாம் நாள் மாலை விளக்கேற்றும் வேளையில், அதே பக்கத்தில், வேறோர் இடைவெளியில், 'இ', 'ல', 'ன்' என்ற மூன்றும் வரிசை பிறழாமல் கிடைத்தன. இலன். 1942இல் அவர் விரல் அந்த இடைவெளியில் தாவியிருந்தால் நம் நன்னி அன்றே அழுது முடித்திருப்பார்கள். நம் மாமிக்கும் வேறொரு வாழ்வு அமைந்திருக்கலாம். ஆயினும் அதுவும் உண்மையாகிவிடாது. இருக்கிறார் என்பதற்கும் இல்லை என்பதற்கும் அந்தப் பக்கம் ஒன்றுபோலவே இடந்தந்தது. இரண்டுக்கும் இடந்தரும் சாட்சி எதற்கும் சாட்சியன்று.

நாவல்கள் போரை முன்னுணர்ந்ததே இல்லையா என்று வாசகர் கேட்கலாம். உண்டு, ஆனால் ஒளிந்துகொண்டல்ல. ஹெச்.ஜி. வெல்ஸ் 1914இல் வெளியிட்ட ஒரு நாவலில் 'அணுகுண்டு' என்ற பெயரையே சூட்டி, நகரங்கள் அதனால் அழிவதை எழுதினார். ஹிரோஷிமாவுக்கு 31 ஆண்டுகள் முன்னர் அது அச்சில் இருந்தது. ரேடியத்தைப் பற்றி அக்காலத்து விஞ்ஞானிகள் எழுதியவற்றைக் கற்று, இது போரின் கைக்குப் போனால் என்னாகும் என்று சிந்தித்ததன் விளைவு அது. அதைக் காண எழுத்தெண்ண வேண்டியதில்லை, படித்தாலே போதும். அவர் சொன்னதில் பிழையும் உண்டு: தம் குண்டு நாள்கணக்கில் வெடித்து எரிந்துகொண்டேயிருக்கும் என்று எழுதியிருந்தார். முன்னரே வெளிப்படையாகச் சொல்வதால்தான் எது பலித்தது, எது பிழைத்தது என்று பிறர் அளக்க முடிகிறது. நிகழ்ந்தபின் தோண்டியெடுக்கும் குறிக்கு அந்தச் சோதனையே கிடையாது. அது ஒருபோதும் தோற்பதில்லை. நம் திண்ணையில் மும்முறை தவறிய கணக்கும் தோற்கவில்லை. தோற்றது மாமி ஒருவரே.

சொல்லவேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. அந்தச் சோதனையின்போது, நூல் சிதையாமலிருக்க நன்னி எப்போதோ பின்புறம் ஒட்டியிருந்த பழுப்புக் காகிதம் கையோடு பெயர்ந்துவந்தது. அதன் அடியிலிருந்த வெற்றுத்தாளில் மாமாவின் கையெழுத்து. பயணத்துக்கு முன் எழுதிய பட்டியல்: கடைப் பாக்கி பதினான்கு ரூபாய், அம்மாவுக்குக் கம்பளி, தங்கச்சிக்குச் சேலை, இரண்டாம் வருடம் தையல் மிஷின். எவருக்கும் விளங்கும் தமிழில், நான்கே வரிகள். அச்செழுத்துகளின் இடுக்கில் அவரைத் தேடியவர்கள் எவருக்கும், அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

மாமிக்கு அப்போது வயது எழுபத்தைந்து. நூலைக் கொண்டுபோய்க் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நமக்கு எழுத்துக்கூட்டக் கற்றுத்தந்தபோது வைத்ததுபோலவே ஒவ்வோர் எழுத்தின் கீழும் விரலை வைத்துப் படித்தார். கடைசி வரியில் விரல் நெடுநேரம் நின்றது. பின்பு அறையின் மூலையைப் பார்த்தார். தையற்கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்து, 1958இல் தாமே வாங்கிய மிஷின் துணிபோர்த்தி அங்கே இருந்தது.

"அதை நானே வாங்கிக்கிட்டேனே, தம்பி" என்றார்.

சற்றுக் கழித்து, "எத்தனை ரூவாய்க்கு வாங்க நெனச்சிருந்தாகளாம், போட்டிருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றோம். தலையசைத்து, நூலை நம்மிடமே தந்துவிட்டார்.

மாமி 2004இல் வஃபாத்தானார். இறைவன் அவர்மீது அருள்புரிவானாக. அந்த நாவலை இப்போது நாம் கதையாக மட்டுமே படிக்கிறோம். வணிகர் மகன் ஊர் திரும்பும் கடைசி அத்தியாயத்தைப் பேரப்பிள்ளைகள் விரும்பிக் கேட்கிறார்கள். 113ஆம் பக்கம் வரும்போது, இந்தப் புள்ளிகள் என்ன என்று கேட்கிறார்கள். பென்சில் பட்டுவிட்டது என்று நெடுநாள் சொல்லிவந்தோம். இனி உள்ளதைச் சொல்லலாம் என்றிருக்கிறோம்.